மக்பெயில் என்ன கூட்டம்?

"மாப்ள ஊட்டுக் கூட்டம் என்ன? கேட்டுச் சொல்லு."

அவ்வளவுதான். பெரியப்பா போனை வைத்துவிட்டார்.

நாமக்கல் பட்டறையில், பாதி கட்டின லாரி பாடிக்குள் நின்றுகொண்டு குணசீலன், "பெரியப்பா? ஏனுங்க பெரியப்பா?" என்று அணைந்துபோன போனோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவும், ஏதோ ஆணி தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டார்.

பெரியப்பா எருமப்பட்டி அர்த்தநாரிக்குப் பேச்சு என்றாலே வேப்பங்காய். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அத்தனை கோழியும் விடிந்ததிலிருந்து கத்துகிறதே, நாம் வேறு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணைப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டதற்கு "ம்" என்றாராம். அது சம்மதமா, இன்னொரு தட்டு பலகாரம் கேட்கிறாரா என்று தெரியாமல் இரண்டு வீட்டாரும் தவித்துப்போனதை சென்னியம்மாள் பெரியம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் குணசீலனுக்கு எல்லாம் அவர்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, பட்டறை போட்டுக் கொடுத்து, சௌந்தர்யாவைப் பார்த்துக் கட்டி வைத்தது வரைக்கும் அந்த மனுசர்தான். இத்தனைக்கும் ஒரு தரம்கூட "சாப்பிட்டயா?" என்று வாய் திறந்து கேட்டதில்லை. தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்.

இப்போது குணசீலனின் ஒரே மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு மேல்படிப்புக்குப் போனவள், அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை செய்கிற ஆண்ட்ரு மக்பெயிலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். வீட்டில் அழுகை, கோபம், சாப்பிடாமல் படுப்பது என்று நடக்க வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்து முடிந்து, தை மாதத்தில் முகூர்த்தமும் குறித்தாயிற்று. பெரியப்பாவிடம் பையன் போட்டோவைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த "ம்"மை நம்பித்தான் மண்டபமே பிடித்தது.

"அப்பாரு வந்து தாலியைத் தொட்டுக் குடுக்கோணும்ப்பா. அவரு வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று தனப்பிரியா முன்னமே சொல்லியிருந்தாள். அவளுக்கு அப்பாரு, அதாவது தாத்தா, என்றால் இந்தப் பெரியப்பாதான். குணசீலனுக்கும் அப்படித்தான். பெரியப்பா இல்லாத மணவறையை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் வந்து விழுந்த கேள்விதான் இது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கொங்குப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு. வம்சப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அதற்குள் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அதனால் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதான். படிப்பு, சம்பளமெல்லாம் அப்புறம்.

"கூட்டத்தைக் கேட்டுட்டாருங்களா?" சௌந்தர்யா நெஞ்சில் கையை வைத்தாள். "போச்சு போங்க. ஸ்காட்லாந்துக்காரனுக்கு நாம கூட்டத்துக்கு எங்கீங்க போறது?"

"இல்லைன்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. அப்பறம் முகூர்த்தத்தன்னிக்கு நீங்களும் நானும் மட்டும் நின்னு போட்டோ எடுத்துக்கலாம்."

குணசீலன் மகளைக் கூப்பிட்டார். "அம்மிணி, உங்க ஆண்ட்ரு ஊட்டுல... கூட்டம் கீட்டம் ஏதாச்சும் உண்டா சாமி?"

தனப்பிரியா சிரித்தாள். "ஏனில்லாம? இங்கயும் நம்மளாட்டமேதான்ப்பா. கிளான்னு சொல்லுவாங்க. குடும்பப் பேரை வெச்சே கண்டுபுடிச்சுரலாம்."

குணசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படியா! மக்பெயிலுன்னா என்ன அர்த்தம்?"

"மக்குன்னா மகன். பெயிலுன்னா பால். பாலோட மகன்."

"பாலா?"

"பால்ப்பா. ஆளு பேரு. பைபிள்ல பவுல்னு வருமே, அவரு பேருதான்."

"பவுல்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பால்காரர் மகன்னு நெனச்சுட்டேன்."

அந்தத் தெம்பிலேயே எருமப்பட்டிக்குப் போன் போட்டார். எடுத்தது சென்னியம்மாள் பெரியம்மா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"பெரியம்மா, பெரியப்பாகிட்டச் சொல்லிருங்க. மாப்ள ஊடு மக்பெயிலுங்க."

"என்ன சாமி?"

"மக்! பெயில்!"

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "மக்கா?"

"ஆமாங்க. மக்."

"பெயிலா?"

"பெயிலில்லீங் பெரியம்மா, பெயிலு!"

"அதைத்தான் சாமி நானும் கேக்கறேன். புள்ள அவ்வளவு படிச்சுப்புட்டு, போயும் போயும் ஒரு பெயிலானவனையா புடிச்சிருக்குது?"

சாயங்காலத்துக்குள் எருமப்பட்டியில் சேதி பரவிவிட்டது. எந்தப் பாடத்தில் என்று அக்கறையோடு விசாரித்தார்கள். இங்கிலீஷில் இருக்காது, அது அவங்க பாஷை, கணக்கில்தான் போயிருக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் நாமக்கல்லில் டுட்டோரியலில் சேர்த்துவிடலாம் என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார்.

பெரியம்மா திரும்பக் கூப்பிட்டார். "உங்க பெரியப்பாகிட்டச் சொன்னேன் சாமி. பாசு, பெயிலெல்லாம் அவரு கேக்கலையாமா. கூட்டம் என்னன்னு தெரியாம ஒரு வேலையும் ஆகாதுங்கறாரு."

ஒரே நாளில் இரண்டாவது தடவை. குணசீலன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் சிவக்குமார் உள்ளே வருகிறான். சௌந்தர்யாவின் தம்பி. திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். உலகத்தில் எதுவானாலும் போனில் கிடைக்கும் என்று நம்புகிறவன். அதுகூடப் பரவாயில்லை. கிடைத்ததை உடனே நாலு பேருக்கு அனுப்பாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இதுக்கா மாமா இப்படி உக்காந்திருக்கறீங்க? ஸ்காட்லாந்துல ஒவ்வொரு பேருக்கும் வரலாறே போட்டு வெச்சிருக்கறான்" என்று போனைத் தேய்த்தான். "இந்தாங்க. மக்பெயில். பழைய குடும்பம். இவங்க தனியா நிக்கலை. பெரிய கூட்டம் ஒண்ணுல சேந்துகிட்டாங்களாமா. சின்னத்துல பூனைப் படம் போட்டிருக்குது."

"நம்ம ஊட்டுலயுந்தான் மூணு பூனை இருக்குது" என்றாள் சௌந்தர்யா.

"இரு அக்கா, கூட்டத்துப் பேரைப் படிக்கறேன். சி, எச், ஏ, ரெண்டு டி, ஏ, என். சா... சாத்தன்." அவன் குரல் உடைந்தது. "மாமா, நீங்க என்ன கூட்டம்?"

"சாத்தந்தை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌந்தர்யாவின் கண் கலங்கிவிட்டது. குணசீலன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்காகத் தன் போனைக் கீழே வைத்தது தப்பு. சிவக்குமார் அதை எடுத்து, அவருடைய பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் தட்டிவிட்டான்: "நல்ல சேதி! மாப்பிள்ளையும் நம்ம சாத்தந்தை கூட்டமே! ஸ்காட்லாந்திலும் நம் கொடி பறக்கிறது!"

மாலை, பூங்கொத்து, கைகூப்பு எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. நம் முன்னோர் காவேரியில் பரிசல் ஏறினவர்கள் இறங்க மறந்து அப்படியே போயிருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். குணசீலன் நிம்மதியாக ஒரு காபி போடச் சொன்னார். அதில் பாதி குடிப்பதற்குள் ஜேடர்பாளையத்திலிருந்து மாரக்காள் அத்தை கூப்பிட்டார். குணசீலனின் அப்பாவோடு பிறந்தவர்.

"ஏண்டா குணசீலா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஏனுங்கத்தை?"

"நீ சாத்தந்தை. அவனும் சாத்தந்தை. அப்ப தனப்பிரியாவுக்கு அவன் என்ன முறை?"

குணசீலன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன் முறைடா! அவ வெள்ளக்காரனைக் கட்டறான்னு சொன்னப்பக்கூட நான் ஒரு வார்த்தை பேசலை. பங்காளியைக் கட்டறான்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுகிட்டு வாரது?"

குணசீலன் போனை வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே சிவக்குமார் இரண்டடி பின்னால் போனான்.

தனப்பிரியாவைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டாள். "அது சாத்தன் இல்லப்பா! எழுதறதுதான் அப்படி. ஹாட்டன்னுதான் சொல்லுவாங்க."

"அம்மிணி, இனி அதைப் போய் நான் குரூப்புல சொன்னா, பங்காளி முறையை மறைக்கறதுக்குக் கூட்டத்துப் பேரையே மாத்தறேன்பாங்க."

"பயப்படாதீங்க மாமா" என்று சிவக்குமார் மறுபடியும் போனைத் தேய்த்தான். "இங்க பாருங்க, இன்னொரு வரலாறு இருக்குது. மக்பெயில்ல கொஞ்சப்பேரு கேமரூன்னு வேற கூட்டத்துல இருந்தாங்களாமா. நம்ம மாப்ள இந்தப் பக்கம்னு சொல்லிருவோம். பங்காளி முறை போச்சு. முடிஞ்சது கதை."

கதை முடியவில்லை. "திருத்தம்: மாப்பிள்ளை சாத்தந்தை அல்ல. கேமரூன்" என்று குரூப்பில் போட்டதும், "ஸ்காட்லாந்துன்னீங்க, இப்ப ஆப்பிரிக்காங்கறீங்க, நாளைக்கு எந்த நாடுங்க?" என்று கேள்வி வந்தது. அதற்குப் பதில் யோசிப்பதற்குள் திருச்செங்கோடு ராசப்பன் குரல் பதிவு அனுப்பினார். ரிக் வண்டிகளை ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்பி போர்வெல் போடுகிறவர்.

"கேமரூன்ல நம்ம ரிக்கு ரெண்டு ஓடுதுங்க குணசீலன். கவலையே படாதீங்க. டிரில்லர்கிட்டச் சொல்லி மாப்ள குடும்பத்தை விசாரிச்சுரலாம்."

குணசீலன் வேண்டாம் என்று எழுத ஆரம்பித்தார். அவர் கை எப்போதுமே மெதுவு. மறுநாள் காலையில் ராசப்பனின் அடுத்த பதிவு வந்தது. குரலில் அத்தனை வருத்தம்.

"விசாரிச்சாச்சுங்க. மக்பெயிலுன்னு ஒரு குடும்பமே அங்க இல்லையாமா. ஏமாந்துறாதீங்க. ஒத்தப் புள்ள வெச்சிருக்கறீங்க."

பெயிலாகிப் போனவன், அண்ணன் முறைக்காரன், இப்போது ஆளே கிடையாது. மாப்பிள்ளை பாவம், கிளாஸ்கோவில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் பெரியம்மா கூப்பிட்டார். இந்தத் தடவை குரலே சரியில்லை.

"சாமி, உங்க பெரியப்பா களத்துல செங்கல் எறக்கிட்டாரு."

"எந்தக் களத்துலீங்க?"

"நம்ம ரெண்டு ஊட்டுக்கும் நடுவாலதான். கொத்துக்காரங்க கயிறு புடிச்சு அளந்துகிட்டு இருக்கறாங்க. எதுக்குங்கன்னு கேட்டேன். குணசீலன்தான் வாயைத் தொறக்க மாட்டேங்கறானே, நான் பாட்டுக்கு ஆரம்பிக்கறேன்ங்கறாரு. அத்தனை பேச்சு பேசி நான் கேட்டதே இல்ல சாமி. எனக்குப் பயமா இருக்குது."

குணசீலன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எருமப்பட்டியில் அவர் அப்பா வீடும் பெரியப்பா வீடும் ஒரே களத்தைப் பார்த்து நிற்கின்றன. அந்தக் களத்தில்தான் அவர் நடக்கப் பழகினார். நடுவில் இன்றைக்கு வரைக்கும் ஒரு முள்வேலிகூடக் கிடையாது. அங்கே செங்கல் என்றால் அர்த்தம் ஒன்றுதான்.

"சுவரு எழுப்பறாரு புள்ள" என்றார். "என்னைப் பிரிச்சு விடறாரு. வாயில சொல்லாம செங்கல்ல சொல்றாரு."

ஐம்பது வயது தாண்டின மனுசர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவதைப் பார்க்க சௌந்தர்யாவுக்குப் பொறுக்கவில்லை. அவளும் கூட உட்கார்ந்து அழுதாள். சிவக்குமார்கூடப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து தனப்பிரியா வீடியோவில் வந்தாள். அவளும் அழுதிருந்தாள். குரூப்பில் வந்ததெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போல. பக்கத்தில் ஆண்ட்ரு, தலைமுடியெல்லாம் கலைந்து, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சாப்டீங்களா அங்கிள்?" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"அப்பா, ஆண்ட்ரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாம். நான் தமிழ்ல சொல்றேன், கேளுங்க." தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவங்க மக்பெயிலே இல்லையாமாப்பா."

"என்னது?"

"இவங்க கொள்ளுத் தாத்தா ஸ்காட்லாந்துக்காரரே இல்லை. லித்துவேனியாவுல இருந்து பொழப்புக்கு வந்தவரு. நெலக்கரிச் சுரங்கத்துல வேலை. அங்க இருந்த மேஸ்திரிக்கு அவரு பேரு வாயில நுழையலை. அதனால, இனிமே நீ மக்பெயிலுன்னு சொல்லிட்டாராம். அந்த மேஸ்திரி பேரே மக்பெயில்தானாம். அப்ப அப்படி நெறையப் பேருக்குப் பேரு மாத்தினாங்களாம்ப்பா."

சிவக்குமார் வாயைப் பிளந்தான். "அப்ப இத்தனை நேரமும் நாம ஆராய்ச்சி பண்ணினது அந்த மேஸ்திரியோட வம்சத்தையா?"

ஆண்ட்ரு மெதுவாக ஏதோ சொன்னான். தனப்பிரியா அதையும் சொன்னாள். "பழைய பேரு என்னன்னு இவங்க ஊட்டுல யாருக்குமே தெரியாதாம்ப்பா. இவங்கப்பா எவ்வளவோ தேடிப் பாத்தாராம், கெடைக்கலை. கூட்டம் இருக்குதுன்னு பொய் சொல்லி உங்க ஊட்டுக்கு வர எனக்கு மனசில்லைங்கறாரு."

குணசீலன் அந்தப் பையனை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேறு ஒருவனாக இருந்தால் கேமரூனோ சாத்தனோ, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு தாலியைக் கட்டியிருப்பான். நல்ல பையன், எம்புள்ள சரியாத்தான் பார்த்திருக்கா என்று அவர் மனசில் பட்டது. இதுவரைக்கும் வராத தைரியமும் அப்போதுதான் வந்தது.

"சாப்பிட்டனுங்க மாப்ள" என்றார். முதல் தடவையாக மாப்ள. "நீங்களும் போயிச் சாப்பிடுங்க. நான் எருமப்பட்டிக்குப் போயிட்டு வாரேன்."

விடிந்ததும் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். எருமப்பட்டியில் இறங்கினதும் குணசீலனின் கண்ணில் முதலில் பட்டது சுவர்தான். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. புதுச் சிமெண்ட்டின் ஈரம்கூடக் காயவில்லை. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

குணசீலன் நேராகப் போய்ப் பெரியப்பா காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"பெரியப்பா, நான் உங்களுக்குப் பதில் சொல்லாம ஒளிஞ்சுகிட்டுத் திரிஞ்சது தப்புத்தானுங்க. பயந்துட்டேன். இப்ப உள்ளதைச் சொல்லிர்றேன். மாப்ள ஊட்டுக்குக் கூட்டமே இல்லீங்க. சாத்தனும் இல்ல, கேமரூனும் இல்ல. மக்பெயிலுங்கற பேரே சுரங்கத்து மேஸ்திரி குடுத்ததாமுங்க. சொந்தப் பேரு எதுன்னு அவங்களுக்கே தெரியாது."

அர்த்தநாரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

"ஆனா தங்கமான பையனுங்க. மறைக்காமச் சொல்லிப்போட்டான். எம்புள்ள அவன்கூட நல்லா இருப்பா. எனக்கு அது போதும். கூட்டம் இல்லாத ஊட்டுக்குப் பொண்ணைக் குடுக்கறேன்னு ஊரு என்ன வேணா சொல்லட்டும், கேட்டுக்கறேன். ஆனா நீங்க வந்து தாலியைத் தொட்டுக் குடுக்காம எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. என்னை நாலு அறை வேணாலும் அறைஞ்சுக்குங்க." அந்தச் சுவரைக் காட்டினார். "இது மட்டும் வேண்டாமுங்க பெரியப்பா. என்னைத் தள்ளி வெச்சுராதீங்க."

சௌந்தர்யா விசும்பினாள். சென்னியம்மாள் காதில் எவ்வளவு விழுந்ததோ, அவரும் சேர்ந்து அழுதார். சிவக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அர்த்தநாரி குனிந்து, குணசீலனின் தோளைப் பிடித்து மேலே தூக்கினார். வாயைத் திறந்தார். ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. எப்போதும் போல அது உள்ளேயே எங்கேயோ மாட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பி, "வேலுமணி" என்று மட்டும் கூப்பிட்டார். நீயே சொல்லு என்கிற மாதிரி கையைக் காட்டினார்.

சுவருக்குப் பின்னாலிருந்து கையில் சிமெண்ட் கரண்டியோடு கொத்துக்காரர் வேலுமணி எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு! ஏனுங்க, மாப்ள ஊட்டுல இருந்து மொத்தம் எத்தனை பேருதானுங்க வாராங்க? எல்லாத்தையும் இங்கயே தங்க வெக்கறதுன்னு பெரியவரு முடிவு பண்ணிட்டாரு, கூட்டம் என்னன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லாததால வெஸ்டர்ன் கக்கூசு நாலு கட்டறதா ஆறு கட்டறதான்னு தெரியாம மனுசன் தூக்கமில்லாமக் கெடக்கறாருங்க!"